'போனவில்லை' என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை

மன்னார்குடி
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாளை போனிலேயே படிக்கப் பார்த்தேன், கண் ஒத்துழைக்கவில்லை. கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தேன். இன்று மத்தியானம் முழுக்க அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கணக்கிலும் ரீசனிங்கிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில்தான் பத்துக்கு நாலு. அதுகூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாயே, "எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, தமிழ் மீடியம்ல படிச்சா இப்படித்தான்" என்று, அந்த வரிதான் நாள் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னைத் தமிழ் மீடியத்தில் சேர்த்தது நான். 31 வருஷம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுத்தவளும் நான். அதனால் அந்த வரிக்கு நான்தான் பதில் எழுத வேண்டும்.

நீ விட்ட ஆறு கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதில் ஐந்து இடத்தில் உன் தமிழே உனக்கு விடையைச் சொல்லியிருக்கும். நீ அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த மாம்பழ வாக்கியம். 'த குவாலிட்டி ஆஃப் த மேங்கோஸ் சோல்ட் இன் திஸ் மார்க்கெட் ஆர் வெரி குட்.' இதில் பிழை இல்லை என்று போட்டிருக்கிறாய். இதையே தமிழில் சொல்லிப் பார். "இந்தச் சந்தையில் விற்கிற மாம்பழங்களின் தரம் நன்றாக இருக்கிறது." நன்றாக இருப்பது எது? தரம். தரம் ஒன்றுதானே? அப்படியென்றால் 'ஆர்' எப்படி வரும்? 'இஸ்' தான் வர வேண்டும்.

ஏன் தவறவிட்டாய் என்றும் சொல்கிறேன். தமிழில் எழுவாய்க்கு என்னென்ன அடைமொழி வந்தாலும் எல்லாம் அதற்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். இந்தச் சந்தை, விற்கிற, மாம்பழங்களின், எல்லாம் முடிந்த பிறகுதான் 'தரம்' வருகிறது. வந்த கையோடு பயனிலையும் வந்துவிடுகிறது. இங்கிலீஷில் தலைகீழ். 'குவாலிட்டி' முதலிலேயே வந்து நின்றுவிடும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வால் மாதிரி நீளும். வினைச்சொல் வருகிற நேரத்தில் அதன் பக்கத்தில் நிற்பது மேங்கோஸும் மார்க்கெட்டும்தான். பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண் மேங்கோஸைப் பார்த்தது, 'ஆர்' சரி என்று நினைத்தது. கேள்வி எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நடுவில் பன்மைச் சொல்லை வேண்டுமென்றேதான் வைக்கிறார்கள்.

ஏழாவது கேள்வியும் இதே குடும்பம்தான், கொஞ்சம் கெட்டியானது. 'ஷி இஸ் ஒன் ஆஃப் த கேர்ள்ஸ் ஹூ ஹேஸ் வன் பிரைசஸ்.' இங்கே 'ஒன்' என்பதைப் பார்த்து 'ஹேஸ்' சரி என்று விட்டுவிட்டாய். தமிழில் சொல். "பரிசு வாங்கிய பெண்களில் ஒருத்தி அவள்." 'வாங்கிய' என்கிற சொல்லுக்கு அடுத்து யார் நிற்கிறார்கள்? பெண்கள். பரிசு வாங்கியது ஒரு கூட்டம், அதில் இவள் ஒருத்தி. ஆகவே 'ஹூ ஹேவ்'. அதே சமயம், 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ் ஹேஸ் கம்' என்றால் 'ஹேஸ்' தான் சரி. "என் தோழிகளில் ஒருத்தி வந்திருக்கிறாள்." வந்தவள் ஒருத்திதான். இரண்டையும் அடுத்தடுத்து மூன்று தடவை வாய்விட்டுச் சொல், அப்புறம் குழப்பமே வராது.

'டிட் நாட்' வந்த கேள்விக்கு வருகிறேன். 'த கிளார்க் டிட் நாட் ஈவன் ஒன்ஸ் வென்ட் த்ரூ த ஃபைல்.' உனக்கு விதி தெரியாமல் இல்லை. நடுவில் 'ஈவன் ஒன்ஸ்' என்று இரண்டு சொல்லைச் செருகி உன் கண்ணை ஏமாற்றிவிட்டார்கள். இதற்கு விதி ஞாபகம் வராவிட்டாலும் கவலையில்லை. தமிழில் "போகவில்லை" என்கிறோம். 'போனவில்லை' என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை, மழலை பேசின வயதில்கூட. 'வில்லை' என்று முடித்தால் 'போக' என்று வினை வெறுமனே நிற்க வேண்டும் என்று உன் நாக்குக்குத் தெரியும். இங்கிலீஷும் இந்த இடத்தில் அதையேதான் செய்கிறது. இறந்த காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டுவிட்டது, இனி 'கோ' வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

'ஷி இஸ் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ மன்த்ஸ்' என்பதில் 'இஸ்' தப்பு என்று பிடித்துவிட்டாய், ஆனால் திருத்தத்தில் 'சின்ஸ்' அப்படியே இருக்கிறது. "மூன்று மாசமா" என்று காலத்தின் நீளத்தைச் சொன்னால் 'ஃபார்'. "திங்கட்கிழமையிலிருந்து" என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. 'இருந்து' வருகிறதா என்று மட்டும் பார். 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' என்பதைத் தனியாகத்தான் மனதில் வைக்க வேண்டும், ஏனென்றால் தமிழ் அங்கே "வேலை செய்கிறாள்" என்று நிகழ்காலத்தோடு முடித்துக்கொள்ளும்.

'ஆன் யூனிவர்சிட்டி' என்பதில் நீ தடுமாறியதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இது உனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரிந்த சங்கதி. ஓர் ஊர், ஒரு வீடு. உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓர்', இல்லாவிட்டால் 'ஒரு'. இங்கிலீஷில் 'ஆன்', 'அ' என்பதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று என்பதால் எழுத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை மனதுக்குள் தமிழில் எழுதிப் பார். 'யூனிவர்சிட்டி' என்று எழுதினால் முதலில் 'யூ', உயிர்மெய். ஆகவே 'அ யூனிவர்சிட்டி'. 'ஆனஸ்ட்' என்று எழுதினால் முதலில் 'ஆ', உயிர். ஆகவே 'ஆன் ஆனஸ்ட் மேன்'. இந்த வசதி இங்கிலீஷ் மட்டும் படித்த பிள்ளைக்குக் கிடையாது.

இதெல்லாம் தமிழ் கை கொடுக்கிற இடங்கள். கை விடுகிற இடங்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதால் 'டிஸ்கஸ்ட் அபவுட்' என்று வந்துவிடுகிறது, 'அபவுட்' வேண்டாம். "திரும்பி வந்தான்" என்பதால் 'ரிட்டர்ன்ட் பேக்', 'பேக்' வேண்டாம். "மழை பெய்தாலும்" என்று ஒரு தடவையும் "ஆனாலும்" என்று இன்னொரு தடவையும் சொல்வதால் 'ஆல்தோ', 'பட்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும், ஒன்று போதும். "வருவீங்க, இல்லையா?" என்பதால் எல்லாவற்றுக்கும் பின்னால் 'இஸின்ட் இட்'. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' இவற்றுக்குப் பின்னால் 'தேன்' வராது, 'டு' வரும்; லத்தீனிலிருந்து வந்த சொற்கள், அவற்றின் வழக்கம் அப்படி. 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்' இவற்றைப் பன்மையாக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள், போதும்.

ஆனால் 'ஒன்லி' பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் படிக்க வந்துகொண்டிருந்தாள், ஒன்பதாம் வகுப்பு. 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' என்று எழுதுவாள். நான் சிவப்பில் சுழிப்பேன். அடுத்த வாரமும் அப்படியே எழுதுவாள், நான் இன்னும் பெரிதாகச் சுழிப்பேன். மூன்றாவது தடவை நோட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், ஆனால் குரல் உடையவில்லை. "டீச்சர், 'நேத்து வந்தேன்'னு எழுதச் சொல்றீங்க. நான் நேத்துதான் வந்தேன். அந்த 'தான்' எங்க போகும் டீச்சர்?"

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை பாப்பா. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். தமிழில் இந்த மாதிரிச் சின்ன ஒட்டுகள் சொல்லுக்குப் பின்னால்தான் வரும். வீட்டில், வீட்டிலிருந்து, நேற்றுதான், இப்போதே. இங்கிலீஷில் அதெல்லாம் முன்னால் போகும். 'இன் த ஹவுஸ்', 'ஃபிரம் த ஹவுஸ்', 'ஒன்லி யெஸ்டர்டே'. அவள் 'தான்' என்பதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தாள், இடத்தைத்தான் மாற்றவில்லை. மறுநாள் கரும்பலகையில் 'ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே' என்று எழுதி, "உன் 'தான்' இங்க இருக்கு" என்று காட்டினேன். அவள் முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் எத்தனை நோட்டில் எத்தனை 'தானை' அடித்துத் தள்ளினேனோ, அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். அன்றிலிருந்து பிழையைச் சுழிப்பதற்கு முன்னால், "இதைத் தமிழில் எப்படி நினைத்தாய்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நீ பத்தாம் வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி படித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழு, அதாவது ஏழு வகைப் பிழை. 'அவன் வந்தாள்' பால் வழு, 'நாளை வந்தேன்' கால வழு. நீ இப்போது எழுதுகிற பரீட்சையில் கேட்பது இதைத்தானே? பவணந்தி முனிவர் நன்னூலில் வகை பிரித்து வைத்த வேலையை, வேறு மொழியில் நாற்பது விநாடிக்குள் செய்யச் சொல்கிறார்கள். இதை நீ புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

வழுவமைதியையும் மறந்துவிடாதே. சாப்பிடக் கூப்பிட்டால் உள்ளே இருந்துகொண்டே "இதோ வந்துட்டேன்மா" என்பாயே, இன்னும் வராமலேயே இறந்த காலம். அது பிழைதான், ஆனால் விரைவு காரணமாக இலக்கணமே அதை ஒப்புக்கொள்கிறது. அது மாதிரி நம் ஊர் இங்கிலீஷிலும் சில உண்டு. 'கசின் பிரதர்' என்கிறோம். இங்கிலீஷ்காரருக்கு 'கசின்' போதும், நமக்கு அது ஆணா பெண்ணா என்று சொல்லாவிட்டால் உறவே விளங்காது. பேசும்போது நீ அப்படிச் சொன்னால் நான் திருத்த மாட்டேன். ஆனால் பரீட்சைத் தாளில் வழுவமைதி கிடையாது. அங்கே 'கசின் பிரதர்' வந்தால் பிழை என்றே குறி.

ஆறாவது தப்பு இருக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. 'மேத்தமேட்டிக்ஸ் இஸ் ஹெர் ஃபேவரிட் சப்ஜெக்ட்.' வாக்கியம் சரியாக இருக்கிறது. நீ முதலில் 'பிழை இல்லை' என்று குறித்து, அதை அடித்துவிட்டு 'இஸ்' தப்பு என்று மாற்றியிருக்கிறாய். தாளில் அந்த அடித்தல் தெரிகிறது. சொல்லின் கடைசியில் 'ஸ்' இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாய். கணிதம் ஒரு பாடம், ஒருமை. 'நியூஸ்' என்பதும் அப்படியே. உனக்குத் தெரிந்துதான் முதலில் சரியாகப் போட்டாய். பயம் வந்து அதை அழிக்க வைத்தது. 'பிழை இல்லை' என்பதும் ஒரு விடைதான் பாப்பா. தப்பு விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள். காரணம் சொல்ல முடியாத திருத்தத்தைச் செய்யாதே.

30 கேள்விக்கு 20 நிமிடம் என்றால் முழு வாக்கியத்தையும் தமிழாக்க நேரம் இருக்காது. வேண்டியதும் இல்லை. முதலில் வினைச்சொல்லைக் கண்டுபிடி. "யார்? எது?" என்று கேள். அந்த எழுவாயை மட்டும் தமிழில் சொல், கடைசியில் வருகிற சொல்தான் ஆள். அது ஒத்துப்போனால் காலத்தைப் பார், அதற்கப்புறம் 'இன்', 'ஃபார்', 'சின்ஸ்' மாதிரி முன்னிடைச் சொற்கள். வரிசையை மாற்றாதே.

இனி தாள் அனுப்பும்போது தப்பாகப் போன ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும், அதைத் தமிழில் நீ எப்படி நினைத்தாய் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. விடை எனக்கு முக்கியமில்லை, அந்த வரிதான் வேண்டும்.

ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டைத் தவிர்க்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது. அப்பா உனக்குப் பிடித்த அந்தப் பருப்புப்பொடியை இடித்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. மீதி இருக்கிற நாலு தாளையும் எடுத்துக்கொண்டு வா, கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்கலாம். சிவப்புப் பேனா வேண்டாம், பென்சில் போதும்.

அன்புடன்,
அம்மா