தோழிக்கு ஒரு பதில்

பட்டர்வொர்த்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் சொல்ல முடியாத ஏதோ இருக்கப்போய்த்தான் தாள் எடுத்து எழுதியிருக்கிறாய் என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்தது. வாசித்துவிட்டு என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

முதலில் எங்கள் சேதி. இவருக்கு டயாலிசிஸ் வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதில்தான் தினமும் சண்டை. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று முனகுகிறார். முனகுகிறவரைக்கும் நல்லதுதான் என்று விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் சுகம்.

இனி உன் விஷயம். அம்மா போன பிறகு முழங்கால் போட்டாலும் வாயில் ஒன்றும் வரவில்லை என்கிறாய். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் ஜெபக்குழுவில் ஒருவர், "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருந்தா அம்மா எழும்பியிருப்பாங்க" என்று சொன்னாராமே, அதைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. நல்லவேளை பெயரை எழுதாமல் விட்டாய். எழுதியிருந்தால் நீ இருக்கும் செந்தூலுக்கே வந்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் ஆண்டவரே கேட்டார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. இவர்களுக்கெல்லாம் விசுவாசம் பத்தவில்லையா? அடுத்த தடவை அப்படிச் சொன்னவரிடம் இதைக் கேள்.

நமக்கு என்ன தேவை என்று நாம் கேட்கும் முன்பே பிதாவுக்குத் தெரியும் என்கிறது மத்தேயு 6. அப்படியிருக்க எதற்குக் கேட்பது என்பது உன் கேள்வி. அதே அதிகாரத்தில், அடுத்த வசனத்திலேயே, எப்படிக் கேட்பது என்று இயேசு சொல்லிக்கொடுக்கிறார், பார்த்தாயா? பிதாவுக்குத் தெரியும் என்பதால் கேட்பது வீண் என்று அவர் நினைக்கவில்லை. விவரம் சொல்லவேண்டியதில்லை, கெஞ்சி மனதை மாற்றவேண்டியதில்லை என்ற நிம்மதியோடு கேட்கலாம், அவ்வளவுதான். டயாலிசிஸ் சென்டரில் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. பாதி நேரம் தூங்குவார், பேச்சும் கிடையாது. ஆனால் கோப்பி வாங்க எழுந்தால் கண் திறந்து தேடும். என் ஜெபமும் பெரும்பாலும் அப்படித்தான், இப்போதெல்லாம்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கவேண்டும் என்று ஜெபிக்கச் சொல்லி எங்கள் போதகர் சபையில் விண்ணப்பம் வைத்தார். வீட்டுக்கு வந்து நானும் ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. குடும்பத்தில் கொடுக்கக்கூடியவர்கள் யாரும் இல்லை. அப்படியானால் எங்கோ ஒரு வீட்டில் சாவு விழுந்தால்தான் எங்கள் வீட்டுக்கு அது வரும். நான் என்னடி கேட்கிறேன் ஆண்டவரிடம்? அன்றைக்கு 'உம்முடைய சித்தம்' என்று முடித்தது பக்தியினால் அல்ல, வேறு என்ன சொல்வதென்று தெரியாததால். வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8இல் எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். அது என்னை மாதிரி ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறது. இப்போதும் சிறுநீரகத்துக்காகக் கேட்கிறேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. கூடவே அந்த முகம் தெரியாத வீட்டுக்காகவும் கேட்கிறேன், அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்று. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பது என் கணக்கு இல்லை.

நீ கேட்டபடி என் வழக்கத்தையும் எழுதுகிறேன். எழுந்ததும் இவர் இடது கையில் விரல் வைத்துப் பார்ப்பேன். ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாயை இணைத்திருக்கிறார்களே, அந்த இடத்தில் அதிர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு, உடனே ஓட வேண்டும். அதிர்வு தெரிந்ததும் ஒரு ஸ்தோத்திரம். கையை எடுக்காமலே 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்ற கர்த்தருடைய ஜெபம் முழுவதும். அப்புறம் ஒரு சங்கீதம், வாய்விட்டு. பழைய பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் பெயர்கள். அவ்வளவே. சொந்த வார்த்தையில் நீளமாக ஜெபிப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் உள்ளே வறண்டு கிடக்கிற காலத்தில் முன்னோர் எழுதிவைத்ததைச் சொல்வது குறைவான ஜெபம் என்று நான் நம்பவில்லை. ஆதிச் சபை நாட்களில் எழுதிய 'திதாக்கே' என்ற சிறிய நூல், கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறதாம். வேதபாடத்தில் கேட்டது.

நீ 13ஆம் சங்கீதத்தை எடு. ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். கடைசி வசனத்தில் பாட்டு வரும். உனக்குப் பாட வராவிட்டால் நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள். அதற்கும் மனசு இல்லாத நாளில் 88. அது கடைசிவரைக்கும் தேறுதலே இல்லாமல் முடிகிற சங்கீதம், அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதுவும் வரவில்லையா, உதட்டை மட்டும் அசை. சாமுவேலின் தாய் அன்னாள் பிள்ளை கேட்டு அப்படித்தான் ஜெபித்தாள். ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆசாரியனுக்கே பிடிபடவில்லை, உன் ஜெபக்குழுவுக்கு எங்கே பிடிபடும்!

இன்னொன்று. குரூப்பில் யாராவது விண்ணப்பம் போட்டால் உடனே கைகூப்பின படம் வரிசையாக விழுகிறதே, எனக்கு அது ஆகாது. நான் போடுவதை நிறுத்திவிட்டேன். பெயரை நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். கேட்கும்போது அவர்களுக்கே மறந்திருக்கும் சில சமயம்.

ஜூலை 26 இங்கே பக்கத்தில் புக்கிட் மெர்தாஜாம் கத்தோலிக்கக் கோவிலில் புனித அன்னாள் திருவிழா, இவள் மரியாளின் தாய். நாம் மெதடிஸ்ட் என்றாலும் வா, போய்வரலாம். தமிழர், சீனர், இந்துக்கள் என்று எல்லாரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். யாரும் யாரிடமும் என்ன வேண்டுதல் என்று கேட்பதில்லை. உனக்கு இப்போது அந்தக் கூட்டம்தான் நல்லது என்று தோன்றுகிறது. கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் நேரே பட்டர்வொர்த். டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடு, திருவிழா நேரத்தில் கிடைக்காது. அன்றைக்கு டயாலிசிஸ் இல்லாவிட்டால் இவரும் கூட வருவார்.

உன் மருமகளுக்கு டாக்டர் என்ன தேதி கொடுத்திருக்கிறார் என்று எழுதவே இல்லையே. தேதியையும் எந்த ஆஸ்பத்திரி என்பதையும் அனுப்பு, நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி