ஃபேன் இல்லாத வாட்டர் கூலிங்: அந்த ரேடியேட்டர படுக்க வைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சத்தமே இல்லாத கம்ப்யூட்டர் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. ஃபேனக் கழட்டிட்டு, பிராசஸர் சிப்போட சூட்ட பம்ப்ல ஓடுற தண்ணி மூலமா ரேடியேட்டருக்குக் கொண்டுபோனா சத்தமும் இருக்காது, ரூமும் ஜில்லுன்னு இருக்கும்னு முடிச்சிருந்தாரு எழுதுனவரு. முதல் பாதி சரி, ரெண்டாவது பாதியப் படிச்சிட்டு எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா ரெண்டு வருஷமா மதுரைல இந்த சமாச்சாரத்தோடதான் நான் குடித்தனமே நடத்துறேன்.

நான் பார்வையில்லாத பிள்ளைங்களுக்காக பாடப்புத்தகத்த வாசிச்சு ஆடியோவா பதிவு பண்ணிக் குடுக்கிறேன். வீட்லதான், ஒரு சின்ன ரூம்ல, ஜன்னலுக்கு பழைய போர்வையத் தொங்கவிட்டு. சீலிங் ஃபேன ஆஃப் பண்ணிடுவேன், ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிச்சா அது நிக்கிற வரைக்கும் காத்திருப்பேன், ஆனா கம்ப்யூட்டர நிறுத்த முடியாதே, ரெக்கார்டிங்கே அதுலதான ஓடுது. உள்ள இருக்கிற ஃபேன் 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் போட்டுக்கிட்டே இருக்கும், இயர்போன் மாட்டிக் கேக்கிற பிள்ளைக்கு அது மண்டைல குடையும். அதுக்காகத்தான் இந்த வேலைல எறங்குனேன்.

இதுக்குன்னே செஞ்சு வித்த சாமானும் உண்டு. கொரியாவோட ஜால்மேன் கம்பெனி இருபது வருஷம் முன்னாடி ரெசரேட்டர்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் உயரத்துல நீல கலர்ல அலுமினியத் தூண் மாதிரி நிக்கும், சுத்தி பட்டை பட்டையா தகடு, உள்ள 2.5 லிட்டர் தண்ணி, பம்ப்பும் தண்ணிக்குள்ளயே, ஃபேன் கிடையாது. எனக்கு அது கைல சிக்கல. என் தம்பி கார் மெக்கானிக், அவன் பட்டறைல ஒரு பழைய அம்பாசடர் ரேடியேட்டர் கெடந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டோம். "அக்கா, வண்டி ஓடுனாத்தான் இதுக்குள்ள காத்தே போகும், உன் ரூமுக்குள்ள எது ஓடுது?"ன்னான். அன்னைக்கு அவன் சொன்னத நான் காதுல வாங்கல.

மொத நாள் ஒரே சந்தோஷம். கார்ல நிக்கிற மாதிரியே சுவத்தோரமா நிமிர்த்தி வெச்சு, மீன்தொட்டி பம்ப்பப் போட்டு ஓட்டுனா அரைமணி நேரம் ஆயும் தண்ணி லேசா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன். ஒண்ணரை மணி நேரத்துல தொட்டா கைய இழுத்துக்கிற சூடு, தெர்மாமீட்டர் விட்டுப் பாத்தா 56 டிகிரி, ரூம் 34. அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டப்பதான் புரிஞ்சது. என் ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் சேத்து சுமாரா 5 லிட்டர் தண்ணி, பிராசஸர் 100 வாட்னு வெச்சா அந்தத் தண்ணி ஒரு டிகிரி ஏறவே மூணரை நிமிஷம் ஆகும், 20 டிகிரி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல. அதாவது அந்த அரைமணி நேரம் ரேடியேட்டர் ஒண்ணும் பெருசா கிழிக்கல, தண்ணி சூட்ட வாங்கி வயித்துல வெச்சுக்கிட்டு இருந்திருக்கு, அவ்ளோதான். உங்க கட்டுரைல இருபது நிமிஷம் ஓட்டிப் பாத்தோம், சூடே ஏறலன்னு எழுதியிருக்கே, எனக்கு அங்கதான் உறுத்துது. ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டி, தண்ணி இதுக்கு மேல ஏறலன்னு ஒரு எடத்துல நின்ன பிறகு எடுக்கிற நம்பர்தான் நம்பர்.

தண்ணி சூட்ட சுமக்கிற கூலியாள்தான், கடைசில எறக்கி வாங்கிக்க வேண்டியது காத்து. ஃபேன் இல்லாம தானா மேல ஏறுற காத்து ரொம்ப சோம்பேறி. ஒரு சதுர மீட்டர் தகடு, காத்தவிட ஒரு டிகிரி சூடா இருந்தா 5 வாட் போகுதுன்னு வெச்சுக்கலாம், அப்ப 100 வாட் போகணும்னா தண்ணி ரூம விட 20 டிகிரி சூடா இருந்தாகணும். குளிர் நாட்டுக்காரன் ரூம் 20 டிகிரி, அவன் தண்ணி 40, சொகமா இருப்பான். நமக்கு சித்திரைல ரூமே 35, தண்ணி 55. கம்ப்யூட்டருக்குன்னு விக்கிற பம்ப் நெறையதுல தண்ணி 60 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும், நான் போட்ட மீன்தொட்டி பம்ப்புலயோ 35தான் போட்டிருக்கு, அதப் பாக்காமயே மாட்டிட்டேன், மூணாவது வாரம் செத்துப்போச்சு. மீனுக்கு செஞ்சத கொதிக்கிற தண்ணில போட்டா வேற என்ன ஆகும்.

அப்புறம்தான் தம்பி சொன்னது ஒறைச்சது. கார் ரேடியேட்டர்ல காத்து முன்னாடிலேர்ந்து பின்னாடி நேரா போற மாதிரிதான் ஓட்டை இருக்கும். நிமிர்த்தி வெச்சா அந்த ஓட்டை படுத்த வாக்குல இருக்கும், சூடான காத்தோ மேல போகத்தான் பாக்கும், போறதுக்கு வழியே இல்லாம உள்ளயே கெடக்கும். அதனால ரேடியேட்டர நாலு செங்கல் மேல படுக்க வெச்சோம், அடுப்பு மாதிரி. அடில காத்து வர எடம், மேல டிவி வந்த அட்டைப்பெட்டிய ரெண்டு பக்கமும் அறுத்துட்டு மூணடிக்கு புகைபோக்கி மாதிரி நிக்க வெச்சாச்சு. அதே பிராசஸர், அதே ரூம், தண்ணி 48ல நின்னுச்சு, ஒரு பைசா செலவில்லாம எட்டு டிகிரி. பெட்டிக்கு மேல ஊதுபத்தியக் காட்டுனா புகை சர்ருன்னு மேல ஏறுது, என் மாமியார் அதப் பாத்துட்டு கம்ப்யூட்டருக்கு பூஜையான்னு கேட்டாங்க.

இன்னொரு விஷயம் கட்டுரைல சுத்தமா இல்ல. பிராசஸர் மேல இருக்கிற ஃபேன் பிராசஸருக்கு மட்டும் வீசல, அதச் சுத்தி மதர்போர்டுல இருக்கிற மாஸ்ஃபெட்டுக்கும் (பிராசஸருக்கு கரன்ட அளந்து குடுக்கிற, தானும் சூடாகுற குட்டிச் சிப்புங்க) சேத்துதான் வீசிக்கிட்டு இருந்திருக்கு. அதத் தூக்குனதும் தண்ணி பாட்டுக்கு ஓடுது, பிராசஸரும் நல்லா இருக்கு, ஆனா மாஸ்ஃபெட் சூடேறி பாடம் பாதில கம்ப்யூட்டர் பொட்டுன்னு நின்னுபோகும். பதினோராம் வகுப்பு வரலாறு ஒரு அத்தியாயத்த மூணு தடவ வாசிச்சேன் இதனால. இப்ப அந்த எடத்துல சூட்ட காத்துக்குக் கடத்தி விடுற சின்ன ஹீட்சிங்க் தகடு ஒட்டி, கேபினெட் மேல் மூடியையும் கழட்டி வெச்சிருக்கேன். கம்ப்யூட்டருக்கு கரன்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டிலயும் ஒரு ஃபேன் இருக்கு, அதத் தொடல, கழட்டுறது ஆபத்து, அது மெதுவாத்தான் சுத்துது.

தண்ணின்னா குழாய்த் தண்ணி கூடாது. வைகையோ போரோ, எதுவா இருந்தாலும் உப்பு படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர், கூட அரிப்பத் தடுக்க கொஞ்சம் கார் கூலன்ட், அதுக்கு முன்னாடி பழைய ரேடியேட்டர நாலஞ்சு தடவ அலசி துருவ வெளியேத்தணும். அம்பாசடர் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், பிராசஸர் மேல உக்காந்து சூட்ட தண்ணிக்கு மாத்துற பிளாக்கும் செம்பு, அதனால எனக்கு ஒத்துப்போச்சு. புது கார்ங்கள்ல அலுமினியம், அத செம்பு பிளாக்கோட ஒரே தண்ணில சேத்தா அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும், கூலன்ட் இல்லாம ஓட்டவே கூடாது.

இனி அந்த ஜில்லுன்னு இருக்கிற ரூமுக்கு வர்றேன். கம்ப்யூட்டர் 150 வாட் கரன்ட் இழுத்தா அந்த 150 வாட் சூடும் ரூமுக்குள்ளதான் வந்து விழும், ஃபேன் ஊதுனாலும் தண்ணி சுமந்தாலும் அதுல ஒரு வாட் கொறையாது. சும்மா உக்காந்திருக்கிற ஒரு ஆளு உடம்புலேர்ந்து சுமாரா 100 வாட் சூடு வரும், அப்ப போர்வை கட்டுன ரூம்ல நானும் இன்னொரு ஒண்ணரை ஆளும் உக்காந்து வாசிக்கிற மாதிரி. நாப்பது நிமிஷத்துல புடவை நனைஞ்சிரும். அதனால பாடம் ஒண்ணு முடிஞ்சதும் கதவத் தெறந்து சீலிங் ஃபேன கால் மணி நேரம் ஓடவிடுவேன், ஃபேன் காத்து பட்டதும் தண்ணியோட சூடும் மடமடன்னு எறங்கும், அப்புறம் அடுத்த பாடம். சத்தம் அவ்ளோ முக்கியமில்லாதவங்களுக்கு என் யோசனை, இதே பெரிய ரேடியேட்டர் மேல ஒரே ஒரு பெரிய ஃபேன ரொம்ப மெதுவா ஓட விடுங்க, காதுக்குத் தெரியாது, செங்கலும் அட்டைப்பெட்டியும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் அமைதியானதும் அதுவரைக்கும் கேக்காத பம்ப் சத்தம் கேக்க ஆரம்பிச்சது தனிக் கதை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ரெண்டு வாங்கி அடில வெச்சதும் அடங்கிருச்சு. இப்ப ரெக்கார்டிங்ல கேக்கிறது பக்கத்து வீட்டு குக்கர் விசில் மட்டும்தான், அதுக்கு ரேடியேட்டர் கிடையாது.

உங்க கட்டுரைல போட்ட படத்துல கார் ரேடியேட்டர நிமிர்த்தி சுவத்துல சாச்சு வெச்சிருக்கு. அதப் பாத்து யாராச்சும் அப்படியே செஞ்சிருவாங்க, அடுத்த வாரம் படுக்க வெச்ச படம் ஒண்ணு போட்டீங்கன்னா நல்லாருக்கும். வேணும்னா எங்க வீட்டு செங்கல் அடுப்ப போட்டோ புடிச்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
வாசகி,
மதுரை