மொட்டை மாடி சூரியனுக்கும் வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2012-இல் தமிழக அரசு சூரிய சக்திக் கொள்கையை அறிவித்தபோது, மூன்றே ஆண்டுகளில் 3,000 மெகாவாட் என்பது வெறும் ஆசையாகத்தான் தெரிந்தது. சொன்ன காலத்தில் நடக்கவில்லை, சரி. ஆனால் 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. தண்ணியில்லாக் காடு என்று ஒதுக்கப்பட்ட ராமநாதபுரம் மாவட்டத்தில்! எங்கள் பக்கத்து ஊர் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை.

2019-இல் வந்த கொள்கை 9,000 மெகாவாட் இலக்கில் 40 விழுக்காட்டை, நுகர்வோர் தங்கள் இடத்திலேயே அமைக்கும் சூரிய மின்சாரத்துக்கு ஒதுக்கியது. வீட்டுக் கூரைதான் இனி முக்கியம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. என் வீட்டிலும் சூரியப் பலகை போட்டிருக்கிறேன். வெயில் நாளில் 12 யூனிட் வரை கிடைக்கிறது. ஆனால் பலகை பொருத்திய பிறகு இருவழி மீட்டருக்காக, அதாவது நாம் வாங்கும் மின்சாரத்தையும் திருப்பிக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளக்கும் மீட்டருக்காக, இரண்டு மாதம் அலைந்தேன். அதுவரை உபரி மின்சாரம் கணக்கில் ஏறவே இல்லை.

அரசுக்கு என் வேண்டுகோள்: மீட்டர் பொருத்த ஒரு கெடு வையுங்கள். அப்புறம், அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பொதுக் கூரையில் கூட்டாகப் பலகை போட்டு, கிடைப்பதை அவரவர் மின்கட்டணத்தில் பிரித்துக் கழித்துக்கொள்ள எளிய வழி செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
அருப்புக்கோட்டை