காத்தாடி மேல் ஏறுகிற என் மகளுக்கு

தோவாளை
2025 டிசம்பர் 28

அன்புள்ள மக்களே,

தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ சாப்பிட்டாயா, நான் மாத்திரை போட்டேனா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. போன வாரம் நீ கேட்டதற்கு அப்படி அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, வீடும் பார்த்தாகிவிட்டது, கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறார்கள், இனி செட்டில் ஆகிவிடட்டுமா அம்மா என்று கேட்டாய். காற்றாலைக் காத்தாடி மேலே ஏறி வேலை பார்ப்பது உனக்கு அலுத்துவிட்டதா என்பதை மட்டும் நீ சொல்லவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷக் கடைசியில் வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். நீ குஜராத்தில் கச்சுக்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் எல்லோருமாகப் போனோம். படகுக்கே அவ்வளவு வரிசை. 77 மீட்டர் பாலம், காலடியில் அலை அடிக்கிறது. நாங்கள் எல்லோரும் குனிந்து கடலைப் பார்த்தோம். நீ மட்டும் அண்ணாந்து, மேலே வளைந்து போகும் இரும்பையும் அதன் போல்ட்களையும் பார்த்துக்கொண்டிருந்தாய். உப்புக் காற்றில் இதை எப்படிப் பராமரிப்பார்களோ என்று அப்பாவிடம் கேட்டாய். ஆறு வயதில் ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போதும் இதே மாதிரிதான். இந்தக் காத்தாடி சுற்றுகிறது, பக்கத்தில் நிற்பது மட்டும் ஏன் சுற்றவில்லை என்று விடாமல் கேட்டாய். அப்பாவுக்குத் தெரியவில்லை. முப்பந்தல் காற்றாலைகளில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கியர், எண்ணெய், பிரேக் என்று உனக்குப் பொறுமையாகச் சொன்னார். மலை இரண்டு பக்கமும் நெருக்குவதால்தான் இந்தக் கணவாயில் காற்று இவ்வளவு வேகமாக வருகிறது என்று அன்றைக்கு அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆடி மாதம் நம் வாழையைச் சாய்க்கிற காற்றுதான் அதுவரை எனக்குத் தெரிந்த காற்று.

முப்பந்தலில் பழைய சின்ன மிஷின்களில் வேலை பழகிவிட்டு, தை பிறந்ததும் கிளம்பிவிட்டாய். நூறு மீட்டர் உயரத்தில் இருந்து நீ அனுப்பிய முதல் போட்டோவை சித்தியிடம் காட்டினேன். தலையில் ஹெல்மெட், உடம்பெல்லாம் பாதுகாப்புக் கச்சை, பேண்ட் சட்டை. "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு அக்கா, யார் கட்டிக்குவா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஆச்சி திண்ணையில் இருந்து பேசினார். இந்த மண்ணில் பெண்கள் மாரை மறைக்கத் துணி போடுவதற்கே அடி வாங்கிப் போராடினார்கள், 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட வேண்டி வந்தது, இப்போது என் பேத்தி என்ன உடுத்துகிறாள் என்று பார்க்க நீ யாரடி என்றார். அவருக்கு அவருடைய பாட்டி சொன்ன கதைகள் அவை. சித்தி அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஆச்சி அந்தப் போட்டோவைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அப்புறம் ஏப்ரலில் நம் தோவாளைப் பூமாலையான மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேப்பரில் வந்ததை அப்பா லேமினேட் செய்து கடையில் மாட்டினார். அதே வாரத்தில்தான் நீ போனில் அவரைப் பற்றிச் சொன்னாய். கூட வேலை பார்க்கிறவர், புஜ் ஊர்க்காரர், ஒரே குழுவில் ஏறுகிறோம் என்றாய். நான் உடனே ஒன்றும் பேசவில்லை, அப்பாதான் போனை வாங்கினார். "அவன் கீழே நிற்கும்போது உன் கயிற்றை நம்பி விடுவாயா?" என்று கேட்டார். "விடுவேன்" என்றாய். "அப்போ நாங்க வந்து பாக்குறோம்" என்றார். எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு இவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்தது அதுதான் முதல் தடவை.

நாகர்கோவிலில் இருந்து காந்திதாம் போகும் ரயிலில் வந்தோம். திருவனந்தபுரம் தாண்டியதில் இருந்து மங்களூர் வரைக்கும் தென்னையும் ஆறும் நம் ஊர் மாதிரியே இருந்தன. கொங்கணில் ஒரு குகை முடிந்தால் அடுத்தது. குஜராத்துக்குள் வந்த பிறகு பச்சை குறைந்துகொண்டே போனது. காந்திதாம் பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளம் தெரிந்ததும் அப்பாவுக்கு நம் ஊர்ப் பக்கத்துப் புத்தளம் உப்பளம் நினைவு வந்து, எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டார். அத்தனை தூரம் போய் அவர் தெம்பானது அந்த உப்பைப் பார்த்துத்தான்.

சம்பந்தியம்மாவைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் இருவரும் கடைக்குப் போன அன்று மத்தியானம், அவரும் நானும் அடுக்களையில் தனியாக இருந்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. கம்பு ரொட்டியைக் கையாலேயே தட்டிக்கொண்டிருந்தார். நான் தட்டிப் பார்த்தேன், ஓரமெல்லாம் விரிசல் விட்டது. என் கையைப் பிடித்து எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பிள்ளையின் படத்தைக் காட்டி, விரலால் 26, ஜனவரி, 2001 என்றார். பூகம்பத்தில் வீடு விழுவதைக் கையாலேயே காட்டினார். அது மருமகனின் அக்கா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மருமகன் அப்போது மடியில் இருந்த குழந்தை, இவர் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார். அக்கா உள்ளே இருந்திருக்கிறாள்.

நானும் 26, டிசம்பர், 2004 என்று சொல்லி, கையை உயர்த்தி அலை மாதிரிக் காட்டினேன். "சுனாமி" என்றார் உடனே. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கன்னியாகுமரிக்குப் பூ கொண்டுபோயிருந்தார். மணக்குடிப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது, குளச்சலில், கொட்டில்பாட்டில் பிணங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு செய்தியாக வந்துகொண்டே இருந்தது. நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இருட்டிய பிறகுதான் வந்தார். நமக்கு அவர் திரும்பி வந்தார், அந்த அம்மாவுக்குப் பிள்ளை திரும்பி வரவில்லை. இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பூஜியா மலையில் பூகம்பத்தில் இறந்தவர்களுக்கான நினைவிடத்துக்கு நம்மைக் கூட்டிப் போய், பெயர்ப் பலகைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாரே, ஏன் உங்களை மட்டும் அருகில் அழைத்தார் அம்மா என்று நீ கேட்டாய். காரணம் இதுதான். உன்னை அந்த வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று நான் முடிவு செய்தது அந்த அடுக்களையில்.

கல்யாணத்தைப் பற்றி நான் நீளமாக எழுதப் போவதில்லை, வீடியோ இருக்கிறது. ஐப்பசி மழை தாலி கட்டுகிற நேரத்துக்கு விட்டது, அது முருகன் அருள். உனக்கான மாணிக்கமாலையை நானே கட்டினேன். வெள்ளரளி, சிவப்பரளி, நொச்சி இலை எல்லாம் மடித்து மடித்து, விடிய விடிய. அவியல், எரிசேரி என்று வரிசையாகப் பரிமாறும்போது எல்லாம் நன்றாகச் சாப்பிட்ட உன் மாமனார், இலையிலேயே பாயசத்தை ஊற்றியதும் கையை எடுத்துவிட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மட்டிப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுக் காட்டினார். அதற்கப்புறம் அவர் இரண்டு தடவை வாங்கினார்.

நகை விஷயம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பவுன் 90,000 ரூபாயைத் தாண்டின மாதத்தில் உன் கல்யாணம். எத்தனை பவுன் போட்டீங்க என்று கேட்காத ஆள் இல்லை. நம் மாவட்டத்தில் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் சீதனம் பேசாமல் கல்யாணம் நடப்பது அபூர்வம். பெண் நர்ஸாக வெளிநாட்டில் சம்பாதித்தாலும் பெற்றவர்கள் தோட்டத்தை விற்கிறார்கள். 1961-லேயே சட்டம் போட்டாகிவிட்டது, இன்னும் இது தீரவில்லை என்பது எனக்குப் பெரிய வேதனை. உன் மாமனார் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சியின் சங்கிலியும் வளையலும் போதும் என்று நீயும் சொன்னாய். நகைக்கென்று நான் சீட்டுப் போட்டுச் சேர்த்ததை உன் பெயரில் பேங்கில் போட்டிருக்கிறேன். அது வீட்டுக்கான பணம்.

இப்போது வீடு. பெண் பெயரில் பதிந்தால் அங்கே பதிவுக் கட்டணம் இல்லை என்று மருமகனே சொன்னார். அப்படியானால் உன் பெயரிலேயே பதியுங்கள். கட்டணத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நீ சம்பாதித்த பணமும் நான் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது. அவருக்கும் உரிமை வேண்டும் என்றால் இருவர் பெயரிலும் போடுங்கள், அதுவும் நியாயம்தான். உன் பெயர் இல்லாத பத்திரத்துக்கு மட்டும் பணம் கொடுக்காதே. பத்திரம் பதிவதற்கு முன்னால் வில்லங்கம் பார்த்துவிடுங்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, சந்தைக்கு இருட்டிலேயே போய் ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து பூக்கட்ட வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். ஆச்சி மட்டும் அவளுக்குக் கை நல்லாயிருக்கு, போகட்டும் என்றார். அன்றைக்கு நான் போகாமல் இருந்திருந்தால் உன் இன்ஜினியரிங் பீஸ் வந்திருக்காது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓணச் சந்தையில் கேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாகக் கேரளத்துக்கு ஏறுகிற நேரத்தில், நாலு வியாபாரிகள் என் மாலைக்காகக் காத்து நிற்பார்கள். அப்போது நான் யாருடைய மருமகள், யாருடைய அம்மா என்று எவரும் கேட்பதில்லை. மாலை நன்றாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். உனக்கும் அந்த மாதிரி ஒன்று மேலே இருக்கிறது என்று உன் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

பயம் எனக்கு இருக்கிறது. நீ "இறங்கிட்டேன்" என்று அனுப்பிய பிறகுதான் மத்தியானச் சோறு இறங்குகிறது. ஆனால் நீ விளக்கிச் சொன்னதும் நினைவிருக்கிறது. தனியாக யாரும் ஏறுவதில்லை, இரண்டு கொக்கியில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்கும், காற்று அளவைத் தாண்டினால் ஏறுவதில்லை, ஆளைக் கயிற்றில் இறக்கும் சாமான் கூடவே வரும். இதில் ஒன்று குறைந்தாலும் ஏற மாட்டேன் என்று சொல்கிற தைரியம் உனக்கு இருக்கட்டும். அது இருக்கும்வரை என் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக நீ இறங்க வேண்டாம்.

குழந்தை உண்டானால் அது வேறு விஷயம், அப்போது ஏறவே கூடாது. அந்த மாதங்களுக்கு ஆபீஸ் வேலையைக் கடிதம் கொடுத்துக் கேட்டு வாங்கு. முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அப்புறம் உன் உடம்பு தயாரானதும் பழைய வேலைக்கே திரும்பலாம் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள். இன்னும் உண்டாகாத பிள்ளைக்காக இன்றைக்கே இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. உனக்கே அலுத்துப்போனால், மூட்டு வலித்தால், வேறு ஒன்றில் ஆசை வந்தால் இறங்கு. அப்போது நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கல்யாணம் ஆகிவிட்டது என்பதை ஒரு காரணமாக நான் ஏற்க மாட்டேன். மருமகனை யாராவது ஆபீஸுக்கு வரச் சொன்னார்களா? அவரும் உன்னோடுதானே ஏறுகிறார்?

அப்பாவுக்கு வேறு ஆசை. பழைய காத்தாடிகளை மாற்றிப் பெரியதாகப் போட அரசு 2024-ல் கொள்கை கொண்டு வந்திருக்கிறது, முப்பந்தலில் இனி நிறைய வேலை வரும், பிள்ளைகள் இங்கே வந்துவிடலாம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். நல்ல வேலையாக, இரண்டு பேருக்குமாக வந்தால் வாருங்கள். எங்களுக்கு வயதாகிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதே. ஆச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா, அதனால் சந்தையில் வேலை அதிகம். பார்சலில் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, வறுத்த சாளைக் கருவாடு வைத்திருக்கிறேன். கருவாட்டைத் தனியாகச் சுற்றியிருக்கிறேன். சம்பந்தியம்மா மீன் தொடமாட்டார், அவர் அடுக்களையில் பிரிக்காதே. இப்போது காற்று குறைவு, உங்களுக்கு சர்வீஸ் நேரம், பொங்கலுக்கு லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். மாசியில் முடியுமா என்று பார். சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை என்று மருமகன் சொன்னார். டிக்கெட் எடுக்கும்போது அவருக்குக் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து எடு.

ஆபீஸ் வேலைக்கு என்ன பதில் சொன்னாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா