வாகைகுளத்திலிருந்து துபாய்க்கு ஒரு விமானம் விடுங்கள்

மதிப்பிற்குரிய விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு, திருநெல்வேலி மேலப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன்.

வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டர் ஆனது. 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. ஆனால் வளைகுடாவுக்குப் போக இன்னும் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோதான் ஓடுகிறோம். வாகைகுளத்திலிருந்து துபாய்க்குத் தினம் ஒரு நேரடி விமானம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் எங்கள் வாப்பா மௌத்தானார்கள். சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். துபாயில் இருக்கும் தம்பிக்குக் கிடைத்த முதல் டிக்கெட் திருவனந்தபுரத்துக்கு. துபாய் நேரம் காலை ஒன்பதுக்கு ஏறினான், நம் கடிகாரத்தில் பத்தரை. கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டரை நாலு மணி நேரத்தில் கடந்து, இரண்டரைக்கு இறங்கிவிட்டான். பிற்பகல் தொழுகையான அசருக்கு வைத்திருந்த அடக்கத்தை ஜமாஅத்தில் கேட்டு, அந்தித் தொழுகையான மஃரிபுக்குத் தள்ளினோம். மிச்சம் நூற்றைம்பது கிலோமீட்டர்தானே, வந்துவிடுவான் என்று நம்பினோம்.

பாலராமபுரத்தில் நிற்கிறேன் என்று போன் வந்தது. அப்புறம் நெய்யாற்றின்கரை. அப்புறம் களியக்காவிளை. மார்த்தாண்டத்தில் வண்டி நகரவே இல்லை என்று சொன்னபோது அவன் குரல் உடைந்துவிட்டது. உம்மா என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மஃரிப் தொழுகை முடிந்தது. அதற்கு மேல் வாப்பாவின் உடலை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், அவர்கள் சொன்னது சரிதான்.

தம்பி எட்டு மணிக்கு நேரே கபர்ஸ்தானுக்கு வந்தான். சட்டைப் பையில் போர்டிங் பாஸ் நீட்டிக்கொண்டிருந்தது. ஈர மண்ணில் கையை வைத்தபடி உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நாங்களும் எழுப்பவில்லை.

அந்த விமானம் வாகைகுளத்தில் இறங்கியிருந்தால் வானத்தில் இன்னொரு எழுபது கிலோமீட்டர் கூடியிருக்கும், சில நிமிடம்தான். அங்கிருந்து எங்கள் வீடு நாற்பது கிலோமீட்டருக்குள், நாலுவழிச் சாலை. அசருக்கே வந்திருப்பான். வாப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பான்.

சென்னை வழியாக வரலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அறுநூறு கிலோமீட்டர் வடக்கே போய், அடுத்த விமானத்துக்குக் காத்திருந்து, திரும்பத் தெற்கே வரவேண்டும். சாவு வீட்டுக்கு வருபவனிடம் சொல்லும் வழியா இது? மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசி, காயல்பட்டினம் என்று எந்த ஊரில் கேட்டாலும் தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவில் உழைக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டுக்கு வேண்டும், அவர்கள் வீடு வந்து சேரும் நேரம் மட்டும் யாருக்கும் கணக்கில்லையா? ரயிலானாலும் விமானமானாலும் தெற்குக் கோடியில் இருப்பவன் பொறுத்துக்கொள்வான் என்றே எத்தனை காலம் விடுவீர்கள்?

ஆற்றாமையில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன். வாகைகுளத்தில் குடியேற்றச் சோதனைக்கும் சுங்கச் சோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். துபாய்க்குத் தினம் ஒரு விமானம் விட நிறுவனங்களை அழைத்துப் பேசுங்கள். தினமும் முடியாது என்றால் வாரம் மூன்று நாளாவது தொடங்குங்கள். எப்போது என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

உம்மாவுக்கு எழுபத்தொரு வயது. தம்பி திரும்பவும் துபாய்க்குப் போய்விட்டான்.

இப்படிக்கு,
மேலப்பாளையத்து மகன் ஒருவன்