கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயப் பாலைவனப் பயணி வில்ஃப்ரெட் தெசிஜர் சென்ற இடங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையை அல் அய்னில் இருந்தபடியே படித்தேன். வளைகுடா என்றாலே வானளாவிய கட்டடங்களும் ஷாப்பிங் மால்களும்தான் என்று எண்ணும் வாசகர்களை இங்குள்ள ஜாஹிலி கோட்டை வாசல்வரை கூட்டி வந்ததற்கு முதலில் என் நன்றி. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே குடும்பத்தோடு வாழ்கிறவன் நான். அந்த உரிமையில் கட்டுரையில் விடுபட்டதைச் சொல்லியாக வேண்டும்.

ஒட்டகத்தின் அருகே நிற்கும் இளைஞர் படத்தின் கீழே 'தெசிஜரின் வழிகாட்டி ஒருவர்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அவர் பெயர் சலீம் பின் கபீனா. ரஷீத் குலத்தைச் சேர்ந்தவர். தெசிஜரோடு சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு இருக்கும். ஜாஹிலி கோட்டைக்குள் இருக்கும் நிரந்தரக் கண்காட்சியில் அவர் படமும் அவருடைய தோழர் சலீம் பின் கபைஷாவின் படமும் பெரிதாக மாட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கண்காட்சியின் தலைப்பே, பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் தெசிஜருக்கு வைத்த 'முபாரக் பின் லண்டன்' என்ற பெயர்தான். இத்தனை அன்பாக ஒரு வெள்ளைக்காரருக்குப் பெயர் வைத்தவர்களின் பெயர்களை நாம் விட்டுவிடலாமா?

தெசிஜர், அரேபியாவின் பெரும் மணல் பாலைவனமான ருப் அல் காலியை இரண்டு முறை கடந்தார். 1946-47-ல் ஒரு முறை, 1948-ல் மறுமுறை. வெட்டுக்கிளிகள் பெருகும் இடங்களைத் தேடும் வேலை என்ற பெயரில்தான் அந்தப் பயணத்துக்கு வழி கிடைத்தது. அவருக்கு முன்பே ஆங்கிலேயப் பயணிகளான பெர்ட்ரம் தாமஸும் ஃபில்பியும் 1930-களின் தொடக்கத்தில் அதைக் கடந்திருந்தார்கள். இந்த மூவருக்கும் முன்பே, தலைமுறை தலைமுறையாக, மேய்ச்சலுக்காகவும் ஒட்டகக் கொள்ளைக்காகவும் அந்த மணலுக்குள் போய் வந்தவர்கள் பெதூயின்கள். முதல் பயணத்தில் வழி காட்டிய முகம்மது அல் அவ்ஃபுக்கு எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்த மணல்மேட்டை ஒட்டகம் ஏறும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர் இல்லாவிட்டால் தெசிஜர் கரை சேர்ந்திருக்க மாட்டார். இதை நான் சொல்லவில்லை. தெசிஜரே தம்முடைய நூலில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒன்றை உங்கள் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். பல நாள் அரைவயிற்றுப் பட்டினிக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு முயல் கிடைத்தது. இறைச்சியைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. அது வெந்து இறக்கும் நேரம் பார்த்து, முன்பின் தெரியாத சில அரபுகள் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பின் கபீனாவும் மற்றவர்களும் சிரித்த முகத்தோடு வரவேற்று, முயலையும் ரொட்டியையும் அப்படியே விருந்தாளிகள் முன் வைத்துவிட்டார்கள். தாங்கள் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. தெசிஜருக்கும் அன்று வயிறு காய்ந்ததுதான். இடுப்பில் கட்டியிருந்த ஒரே துணியையும் ஒருவர் கேட்டார் என்பதற்காக அவிழ்த்துக் கொடுத்தவர் இந்தப் பின் கபீனா. இப்படிப்பட்டவரைப் பெயரில்லாமல் நிற்க வைக்கலாகாது என்பதுதான் என் ஆதங்கம்.

இனி இடங்களைப் பற்றி. ஜாஹிலி கோட்டை 1890-களில் அன்றைய அபுதாபி ஆட்சியாளர் முதலாம் ஷேக் ஸாயித் கட்டியது. அடுக்கடுக்காகக் குறுகி உயரும் அதன் வட்டக் கோபுரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1948-ல் தெசிஜர் தேடிவந்து தங்கியது, ஊரின் இன்னொரு பக்கம் இருக்கும் முவைஜி கோட்டையில். அவருடைய பேரனும் பின்னாளில் நாட்டின் அதிபரானவருமான ஷேக் ஸாயித் அப்போது இந்தப் பகுதியின் பொறுப்பாளராக அங்கே இருந்தார். கோட்டைக்கு வெளியே ஒரு முள்மரத்தடியில், மற்றவர்களோடு மணலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் ஒட்டக வழக்கையும் தண்ணீர் வழக்கையும் கேட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கட்டுரையில் முவைஜியின் பெயரே இல்லை. அபுதாபியில் இருக்கும் மக்தா காவல்கோபுரத்தையும் விட்டுவிட்டீர்கள். இரண்டாவது பயணத்தின் முடிவில், 1948 மார்ச்சில், தெசிஜரும் தோழர்களும் கடற்கழியை நடந்தே கடந்து அபுதாபித் தீவுக்குள் நுழைந்தது அந்த இடத்தில்தான். அங்கிருந்து ஆட்சியாளரின் ஹொஸ்ன் கோட்டைக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது, ஆள் அரவமில்லை. சுவர் நிழலில் ஒட்டகங்களின் சுமையை இறக்கிவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். இன்று மக்தா பாலத்தில் காரில் போகிற நம் ஆட்களில் எத்தனை பேர் தண்ணீருக்குள் நிற்கும் அந்தச் சின்னக் கோபுரத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்?

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தந்தது, தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான். யுனெஸ்கோ 2011-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது வெறும் கோட்டைகளை அல்ல. ஹஃபீத் மலையடிவாரத்தில் உள்ள ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறைகள், ஹீலியின் தொல்லியல் களங்கள், ஈச்சந்தோட்டங்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. அந்தத் தோட்டங்களுக்கு உயிர் ஃபலஜ். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடம்வரை கிணறு தோண்டி, அங்கிருந்து மெல்லிய சரிவில் மண்ணுக்கடியில் கால்வாய் வெட்டி, பம்ப் எதுவுமில்லாமல் தண்ணீரைத் தோட்டத்துக்கு நடத்தி வருகிற முறை. ஹீலியில் கிடைத்திருப்பது ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழையது. எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விடுவதற்கு 'அரீஃப்' என்றொரு பொறுப்பாளர் உண்டு. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்ற ஆள் இருப்பதுபோல. ஷேக் ஸாயித் இங்கே பொறுப்பேற்றதும் முதலில் கை வைத்த வேலைகளில் ஒன்று, தூர்ந்து கிடந்த ஃபலஜ்களைத் தூர் வாரியது.

அல் அய்ன் ஈச்சந்தோட்டத்துக்குள் ஒரு மாலை வேளையில் நடந்து பாருங்கள். 1,47,000 ஈச்ச மரங்களுக்கு மேல் நிற்கின்றன. வெளியே கொதிக்கும் வெயில் மதிலைத் தாண்டியதும் தணிந்துவிடும். இடுப்பளவு மண்சுவர்களுக்கு நடுவே போகும் பாதையோரம் வாய்க்கால் ஓடும். மடையைத் திறந்தால் பாத்திக்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும். ஈச்ச மர நிழலில் மாமரமும் எலுமிச்சையும் வளர்ந்திருக்கும். அங்கே மண்வெட்டியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் நம் துணைக்கண்டத்துத் தொழிலாளர்கள். நிலத்தடி நீர் கீழே போய்விட்டதால் பல ஃபலஜ்களுக்கு இப்போது ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது என்பது வேதனையான உண்மை. ஆனாலும் வாய்க்காலும் முறையும் நிற்கவில்லை. 2020-ல் ஃபலஜ் பற்றிய அறிவையும் வழக்கத்தையும் யுனெஸ்கோ தனியாக அங்கீகரித்தது.

தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தெசிஜர் வாழ்ந்த இன்னொரு நிலமே சாட்சி. 1950-களில் அவர் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களை 1990-களில் சதாம் உசேன் அரசு கால்வாய் வெட்டி வடித்தது. நாணல் வீடுகளும் எருமைகளும் போய், மக்கள் அகதியானார்கள். 2003-க்குப் பிறகு கரைகளை உடைத்துத் தண்ணீர் விட்டதில் ஒரு பகுதி மீண்டது. 2016-ல் அதுவும் உலகப் பாரம்பரியம் ஆனது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் தெசிஜரின் 38,000 நெகட்டிவ்கள் பத்திரமாக இருக்கின்றன. படம் பிடிக்கப்பட்ட நிலம் அந்த அளவுக்குப் பத்திரமாக இருக்கவில்லை.

துபாயிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் வார விடுமுறைக்கு இங்கே வரும் தமிழ்க் குடும்பங்கள் ஹஃபீத் மலையுச்சிக்குக் காரை ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வருகிறவர்கள் காலையில் முவைஜி, பிறகு ஜாஹிலி கண்காட்சி, வெயில் தாழ்ந்ததும் ஈச்சந்தோட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கோடையில் வேண்டாம், நவம்பர் முதல் மார்ச்வரை நல்ல காலம். பிள்ளைகளை வாய்க்கால் ஓரம் கூட்டிப்போய் மடை திருப்புவதைக் காட்டுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபலஜ் பாசனத்தைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். நீர் மேலாண்மை தெரிந்த தமிழ்ப் பொறியாளர்கள் இங்கே வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரை எழுதச் சொன்னால் நன்றாக அமையும். கட்டுரைக்கு வேண்டிய படங்களை எடுத்து அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல் அய்ன், ஐக்கிய அரபு அமீரகம்