மோட்டார் கொட்டகை மெயின் சுவிட்சில் லைன் மேலே வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பேராவூரணிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். மழைக்காலம் வந்துவிட்டால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு வகைச் செய்தி அடிக்கடி வருகிறது. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் மோட்டார் சுவிட்சைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார், உடல் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது, போலீசார் விசாரித்து வருகிறார்கள். அத்தோடு செய்தி முடிந்துவிடும். அந்தப் பெட்டிக்குள் வயர் எப்படி மாட்டியிருந்தது, ஃபியூஸ் கட்டையில் (ஃபியூஸ் கம்பி மாட்டும் பீங்கான் பிடியில்) என்ன கம்பி கிடந்தது, எர்த் இருந்ததா என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. அதைக் கேட்டு எழுதினால் அடுத்த கொட்டகைக்காரர் தன் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

காயில் கட்டிக் கொடுத்த மோட்டாரை மறுபடி மாட்டும்போது நானே கொட்டகைக்குப் போய்விடுவது வழக்கம். எதனால் கருகியது என்று தெரியாமல் மாட்டினால் அதே மோட்டார் திரும்பவும் என் கடைக்குத்தான் வரும். போய்ப் பார்த்தால் சுவரில் புத்தம் புது ஸ்டார்ட்டர் இருக்கும். செல்போனில் மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும் கருவிகூட இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே அப்பா காலத்து இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், கதவு துருப்பிடித்து, உள்ளே பல்லி முட்டையும் எறும்புப் புற்றுமாகத் தொங்கும். ஸ்டார்ட்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் அந்தப் பெட்டியைக் கரண்ட் போனால் மட்டும்தான் திறக்கிறார்கள். திறப்பவர் கையை வைக்கப் போவதும் அதற்குள்தான்.

அந்தப் பெட்டியில் மேலே மூன்று டெர்மினல், கீழே மூன்று டெர்மினல் இருக்கும். இ.பி. மீட்டரிலிருந்து வரும் லைன் மேலே ஏற வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போகும் வயர் கீழே இறங்க வேண்டும். கைப்பிடியை ஆஃப் செய்தால் நடுவில் உள்ள பிளேடுகள் விலகிவிடும். அதற்குக் கீழே உள்ள ஃபியூஸ் கட்டைகளில் கரண்ட் இருக்காது. ஆஃப் செய்தால்தான் கதவு திறக்கும்படி பூட்டு வைத்திருப்பதும் இதை நம்பித்தான். லைனைக் கீழே கொடுத்து மோட்டார் வயரை மேலே எடுத்துவிட்டால் மோட்டார் ஓடுவதில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆஃப் செய்தால் நிற்கும், ஆன் செய்தால் ஓடும். ஆனால் கைப்பிடி ஆஃபில் இருக்கும்போதும் மூன்று கட்டைகளிலும் முழுக் கரண்ட் நிற்கும். கதவும் திறக்கும். மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று 400 வோல்ட். தரைக்கு 230 வோல்ட்.

சரியாக மாட்டிய பெட்டியிலும் மேல் டெர்மினல்கள் எப்போதும் உயிரோடுதான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஃப் செய்துவிட்டோம் என்று அங்கே விரலை விடக் கூடாது.

எங்கள் பக்கத்தில் இந்தத் தலைகீழ் இணைப்பு இவ்வளவு இருப்பதற்குக் கஜா புயலும் ஒரு காரணம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த அந்தப் புயலில் தென்னையோடு சேர்த்து மின்கம்பங்களும் படுத்துவிட்டன. பல கொட்டகைகளுக்குக் கூரை இல்லை. திரும்பக் கம்பம் நட்டபோது சில இடங்களில் பழைய இடத்தில் நடவில்லை. சர்வீஸ் வயர் கொட்டகைக்கு வேறு பக்கமாக வந்து சேர்ந்தது. சேற்றில் கிடந்த பெட்டியைக் கழுவிக் காயவைத்து அவரவர் கையில் கிடைத்த ஆளை வைத்து மாட்டிக்கொண்டார்கள். வயர் நீளம் மேலே எட்டவில்லை என்றால் கீழே கொடுத்தார்கள். தென்னம்பிள்ளை காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் யாரையும் குற்றம் சொல்ல மனம் வராது. ஆனால் அவசரத்துக்கு மாட்டியது அப்படியே நிலைத்துவிட்டது. மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் தண்ணீர் சரியாக ஏறாது, உடனே ஆளைக் கூப்பிட்டு இரண்டு பேஸை மாற்றிவிடுவார்கள். சுவிட்ச் தலைகீழாக இருந்தால் அப்படி எந்த அறிகுறியும் காட்டாது.

ஒரு தோப்பில் இதைக் காட்டியபோது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "ஆஃப் பண்ணிட்டுத்தானே அண்ணே எங்க வீட்டுக்காரர் கட்டையப் புடுங்குறாரு, அப்புறம் ஏன் சுர்ருன்னு இழுக்குது?" பல மாதமாக இழுத்திருக்கிறது. பீங்கான் கட்டையைக் காய்ந்த கையால் பிடித்ததால் பிழைத்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து வந்து, ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று, உடைந்த கட்டையைப் பிடித்திருந்தால் கதை வேறு.

உங்கள் பெட்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, உரிமம் உள்ள ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு, சுவிட்சை ஆஃப் செய்து கதவைத் திறந்து, கட்டை உட்காரும் இடத்தில் கரண்ட் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, சோதித்த பிறகு மறுபடியும் அதே இடத்தில் வைத்துப் பார்ப்பவர்தான் சரியான வயர்மேன். செத்துப்போன டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. பல்பு வைத்துப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த டெஸ்ட் லேம்ப் வேண்டும். 230 வோல்ட் பல்பு ஒன்றை மட்டும் இரண்டு பேஸுக்கு நடுவே வைத்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

அடுத்தது ஃபியூஸ் கம்பி. 5 எச்.பி. மோட்டார் மூன்று பேஸில் 7 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது ஓரிரு வினாடிக்கு அதைப்போல ஆறு மடங்கு, ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கிக்கொள்ள 20 ஆம்பியர் கம்பி போதும். ஈயம் பூசிய செம்புக் கம்பியில் அது 0.6 மி.மீ. தடிமன். கொட்டகைகளில் நான் பார்ப்பது என்ன? மூன்று இழை உள்ள பழைய 3/20 வயரை உரித்து எடுத்த ஒரு இழை. அதன் தடிமன் 0.9 மி.மீ. பார்வைக்குக் கொஞ்சம்தான் பருமன் என்று தோன்றும், ஆனால் அது உருக ஏறக்குறைய 70 ஆம்பியர் வேண்டும். போர் குழாயில் மணல் ஏறி மோட்டார் சுற்றாமல் சிக்கிக்கொண்டால்கூட 45 ஆம்பியர்தான் ஓடும். அந்த இழை அசையாது. மோட்டார் கருகும், வயர் கருகும். சிலர் இரண்டு இழையை முறுக்கிப் போடுகிறார்கள். கட்டுக்கம்பி போட்டிருந்த கட்டையையும் பார்த்திருக்கிறேன். "அடிக்கடி பீஸ் போகுது, அதான் கொஞ்சம் பலமா போட்டேன்" என்பார்கள். அடிக்கடி போகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. கடைகளிலும் ஃபியூஸ் கம்பி என்று கேட்டால் எத்தனை ஆம்பியர் என்று திருப்பிக் கேட்பவர் குறைவு, சுருளில் சீட்டே இருப்பதில்லை.

சரியான கம்பியையும் சரியாக மாட்ட வேண்டும். திருகாணியை முறுக்கும் திசையிலேயே சுற்றி, இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வாக விட்டு, கட்டையின் பள்ளத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் கம்பி நடுவில் மெலிந்து காரணமில்லாமல் போகும். அதற்குப் பயந்துதான் அடுத்த முறை பருமனான கம்பி வருகிறது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் புதிதாக மாற்றும்போது கம்பியை உள்ளே வைத்து அடைத்தே வரும் எச்.ஆர்.சி. ஃபியூஸ் வைத்த சுவிட்சாக வாங்கலாம். விலை கூடத்தான். ஆனால் அதில் யாரும் கம்பி கட்ட முடியாது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கருகுவதை எந்த ஃபியூஸும் முழுதாகத் தடுக்காது. அது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயின் வேலை. நேரடி ஸ்டார்ட்டரில் அதை மோட்டார் நேம்பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வைக்க வேண்டும். பல இடங்களில் அதைக் கடைசி வரை திருகி வைத்திருக்கிறார்கள்.

ஒரு கட்டை மட்டும் போனால் வரும் குழப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் உறுமும், கிளம்பாது. டெஸ்டரை வைத்தால் மூன்றிலும் எரியும். "மூணு பேஸும் வருதே" என்று சொல்லி மறுபடி மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்துவார்கள், காயில் என் கடைக்கு வந்து சேரும். நடப்பது என்னவென்றால், நல்ல பேஸின் கரண்ட் மோட்டார் காயிலுக்குள் போய், ஃபியூஸ் போன பேஸின் கீழ்ப்பக்கமாகத் திரும்பி வந்து நிற்கிறது. அதனால் போன கட்டையின் கீழ் முனையும் ஆளைத் தாக்கும். டூ பேஸில் ஓட்டுவதற்காகக் கண்டென்சர் வைத்திருப்பவர்களின் கொட்டகையில் இது இன்னும் மோசம். ஆஃப் செய்த பிறகும் கண்டென்சரில் சிறிது நேரம் சார்ஜ் நிற்கும். எனவே உறுமினால் உடனே ஸ்டார்ட்டரில் நிறுத்தி, மெயினை ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து, மூன்று கட்டையையும் எடுத்துக் கண்ணால் பார்ப்பதுதான் சரி.

எர்த் விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. எர்த் கம்பி இருந்தால் பெட்டியில் கரண்ட் இறங்கும்போது ஃபியூஸ் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். எர்த் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம், கோடையில் காய்ந்த மணலில் அதைவிடக் கூடவே இருக்கும். 230 வோல்ட்டை 10 ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 70 ஆம்பியரில் உருகும் இழைக்கு இது எறும்புக் கடி. 20 ஆம்பியர் கம்பிகூட உடனே உருகாது. பெட்டி கரண்டோடு நின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் எர்த்தோடு சேர்த்து 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே வெட்டிவிடும் ஆர்.சி.டி. ஒன்றும் வேண்டும் என்கிறேன். அதற்காக எர்த் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மூன்று பேஸ் மோட்டாருக்கும் பெட்டிகளுக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பது 1956-ம் ஆண்டு இந்திய மின் விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஒன்று துருப்பிடித்து அறுந்தாலும் இன்னொன்று இருக்கும்.

கொட்டகை பல்புக்கு நியூட்ரல் இழுக்கச் சோம்பல்பட்டு எர்த் கம்பியில் இணைப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த எர்த் கம்பி குழியருகில் அறுந்துபோனால் பல்பு வழியாக வரும் கரண்ட் முழுவதும் இரும்புப் பெட்டியிலும் மோட்டார் பாடியிலும் வந்து நிற்கும். நியூட்ரலில் தனி ஃபியூஸ் போடுவதும் இதே ரகம்தான். அது போனால் பல்பு எரியாது, ஆனால் வயரில் கரண்ட் இருக்கும்.

கட்டையைத் திரும்பப் போடும்போது ஸ்டார்ட்டரும் மெயினும் ஆஃபில் இருக்க வேண்டும். கட்டையைச் செருகிக் கதவைச் சாத்திவிட்டு, பெட்டிக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆன் செய்யுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் உருகிய செம்பு தெறிக்கும். மோட்டார் ஓடும்போது மெயினைப் பிடித்து இழுத்து நிறுத்தாதீர்கள், பிளேடு தீய்ந்துபோவது அதனால்தான். ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ளவர்கள் மோட்டாரிலோ பைப்பிலோ வேலை பார்க்கும் முன் மூன்று கட்டையையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போங்கள். கரண்ட் வந்ததும் அது தானாகக் கிளம்பும். வீட்டிலிருந்து யாராவது மிஸ்டு கால் கொடுத்தாலும் கிளம்பும். மீட்டருக்கு முன்னால் உள்ள ஃபியூஸும் டிரான்ஸ்பார்மரும் இ.பி. ஆட்கள் வேலை. அங்கே நாம் கை வைக்கவே கூடாது.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன்னால் மாவட்டப் பக்கத்தில் ஒரு நாள் இந்தப் பெட்டியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, லைன் எங்கே, கட்டை எங்கே, எர்த் எங்கே என்று அம்புக்குறி வைத்துக் காட்டுங்கள். என் கடைச் சுவரில் கதவைக் கழற்றிய மெயின் சுவிட்ச் ஒன்று கரண்ட் இல்லாமல் மாட்டியிருக்கிறது, வருகிற விவசாயிகளுக்கு அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் புகைப்படக்காரர் எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல் கடை அடைப்பு.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.